ஒரே நொடியில் எழுந்த ஒன்பது மோட்டார்கள்

1. புதிய பெட்டியின் முதல் காலை

கிணற்று மோட்டார்களைத் தானாகப் போடும் எங்கள் புதிய பெட்டிகளை மாட்டி முடித்த மறுநாள் காலையில், பத்தமடையைத் தாண்டி ஒரு வாழைத் தோட்டத்தின் பம்ப் ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கால்வாய்த் தண்ணீர் எட்டாத மேட்டு நிலம் அது. ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அதிலிருந்து கரண்ட் எடுக்கும் ஒன்பது கிணற்று மோட்டார்கள், ஒன்பது பேருடைய ஏத்தன் வாழை. த்ரீ ஃபேஸ் கரண்ட் அங்கே முறை வைத்துத்தான் வரும். வந்த நேரத்தில் இறைத்தால் தண்ணீர், இல்லையென்றால் அடுத்த முறைதான்.

கரண்ட் வந்தது. பெட்டிக்குள் மோட்டாரைப் போடும் ரிலே ‘டிக்’ என்றது. மோட்டார் உறுமியது. நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் ‘டப்’ என்று ஒரு சத்தம். மோட்டார் நின்றுவிட்டது. சுற்றியிருந்த மற்ற எட்டு மோட்டார்களின் சத்தமும் இல்லை.

“ஃபியூஸு போயிட்டும்மா” என்றார் தங்கபாண்டி அண்ணாச்சி. அந்தத் தோட்டம் அவருடையது. எங்கள் பெட்டியை முதலில் மாட்டியவரும், மற்ற எட்டுப் பேரிடமும் பேசி மாட்ட வைத்தவரும் அவர்தான்.

பக்கத்துத் தோட்டத்துச் சுடலைமுத்து வரப்பில் வேகமாக வந்தார். என்னைப் பார்க்காமல் அண்ணாச்சியைப் பார்த்துப் பேசினார்.

“பழைய பொட்டி வாரத்துக்கு ஒருக்கா செத்துப்போவும். செரி, அது அதோட போச்சு. இது என்னவே, ஒம்போது பேரு கழுத்தயும் சேத்து அறுக்கு?”

லைன்மேன் வந்து ஃபியூஸ் போட்டார். அடுத்த முறை கரண்ட் வந்தபோதும் அதே ‘டிக்’, அதே ‘டப்’.

2. பெட்டியும் அதற்குள் இருக்கும் ஓ.எஸ்.ஸும்

எங்களுடையது பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் நடக்கும் சிறிய நிறுவனம். முதலாளி கோமதிநாயகம் சார். களத்தில் பெட்டி மாட்டுவது, பழுது பார்ப்பது இசக்கிமுத்து. பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை, அதாவது ஃபர்ம்வேரை, எழுதுவது நான்.

பெட்டி செய்யும் வேலை எளிது. கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போடும். கிணறு வற்றினாலோ மோட்டார் அதிகமாக இழுத்தாலோ நிறுத்தும். நடந்ததை ரேடியோ மூலம் சொல்லும். அண்ணாச்சி வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் கேட்வே அதைக் கேட்டு ஒவ்வொருவர் போனுக்கும் அனுப்பும். விவசாயி வீட்டில் இருந்தபடியே போனில் மோட்டாரை நிறுத்தலாம், போடலாம். பெட்டியில் பேட்டரி கிடையாது. தகர ஷெட்டின் சூட்டில் பேட்டரி நிற்காது.

பழைய பெட்டிக்குள் சின்ன கம்ப்யூட்டர் போர்டு ஒன்றும், மெமரி கார்டில் லினக்ஸும் இருந்தன. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டில் இருக்கும் ஃபைல்கள் கெடும். எங்கள் ஊர் மோட்டார் ஷெட்டில் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை. இசக்கிமுத்துவின் பைக் வாரத்தில் பாதி நாள் பத்தமடைச் சாலையில்தான் ஓடியது.

பெட்டியை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஓ.எஸ்.ஸை மாற்றலாம் என்று முடிவானதும் மூன்று வழிகளை எடுத்துக்கொண்டேன். லினக்ஸையே வைத்து, கார்டுக்குப் பதில் விலை கூடிய ஸ்டோரேஜ் போடுவது. லினக்ஸை விட்டுவிட்டு ஆர்.டி.ஓ.எஸ். எனப்படும் சிறிய, நேரம் தவறாத ஓ.எஸ்.ஸுக்குப் போவது. ஓ.எஸ்.ஸே இல்லாமல் எல்லா வேலையையும் ஒரே சுற்றாக எழுதுவது. ஒவ்வொன்றையும் ஆறு கேள்விகள் கேட்டேன்:

திடீரென்று கரண்ட் போனால் தாங்குமா?
கரண்ட் வந்தபின் எழுந்திருக்க எவ்வளவு நேரம்?
எங்கள் ரேடியோ சிப்புக்கான புரோகிராம் தயாராக உண்டா?
தூரத்திலிருந்தே ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க முடியுமா?
மோட்டாரைக் காப்பாற்றும் வேலை மற்ற வேலைகளுக்காகக் காத்திருக்குமா?
நான் இல்லாதபோது வேறு யாராவது இதைத் தொட முடியுமா?

மூன்றாவது வழி ஐந்தாம் கேள்வியில் விழுந்தது. ரேடியோ ஒரு செய்தியை அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும். எல்லாம் ஒரே சுற்றாக இருந்தால், அந்த நேரத்தில் கிணறு வற்றினாலும் பெட்டி பதிலுக்கே காத்துக்கொண்டிருக்கும். மோட்டார் வெறுமனே ஓடிக் கருகும். இதைத் தவிர்க்கவும் எழுதலாம். ஆனால் அப்படி எழுதி முடிக்கும்போது நானே ஒரு அரைகுறை ஓ.எஸ். எழுதியிருப்பேன். ஆர்.டி.ஓ.எஸ்.ஸில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முன்னுரிமை கொடுக்கலாம். மோட்டார் காப்பு வேலை, ரேடியோவை நடுவில் நிறுத்திவிட்டு முன்னால் வரும்.

சாருக்கு ஆறாவது கேள்விதான் இடித்தது.

“எஸ்தர், லினக்ஸ் தெரிஞ்ச பையன் தெருவுக்கு ரெண்டு பேரு கெடைப்பான். நீ சொல்லுத இதுக்கு, நீ லீவு போட்டா நான் யாரப் போயி கூப்பிடுவேன்?”

“நான் லீவு போட மாட்டேன் சார்.”

“இப்போ அப்படித்தான் சொல்லுவ. ஒரு நாளு கல்யாணப் பத்திரிகைய நீட்டுவ.”

“நீட்டுறதுக்கு முன்னால எல்லாத்துக்கும் குறிப்பு எழுதி வச்சிருவேன் சார்.”

சார் சிரித்துவிட்டார். ஆர்.டி.ஓ.எஸ். என்று முடிவானது. இரண்டாம் கேள்வியில் அது லினக்ஸை வெகு தூரம் பின்னால் விட்டிருந்தது. பழைய பெட்டி எழுந்திருக்க ஒரு நிமிடத்துக்கும் மேலாகும். புதியது கண் இமைப்பதற்குள் தயார். அந்த வெற்றியில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பெருமை.

3. கெட்டது ஏன் ஃபியூஸை எரிக்கவில்லை?

இரண்டாவது தடவை ஃபியூஸ் போனபின், எல்லோரும் தற்காலிகமாகக் கையால் மோட்டார் போட்டுக்கொள்ளும்படி பெட்டியின் பக்கவாட்டில் உள்ள சுவிட்சைத் திருப்பி வைத்துவிட்டு வந்தோம். மோட்டார்கள் சாதுவாக ஓடின. ஃபியூஸ் போகவில்லை.

புதிய பெட்டியில் என்ன கோளாறு என்று சார் கேட்டார். எனக்கு வேறொரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. பழைய பெட்டி எத்தனையோ தடவை கெட்டிருக்கிறது. ஆனால் ஒரு தடவைகூட ஃபியூஸை எரித்ததில்லை. ஏன்?

கழற்றிய பழைய பெட்டிகளைக் குப்பையில் போடாமல் சாக்கில் கட்டி வைத்திருந்தார் இசக்கிமுத்து. ஒன்பதையும் மேசையில் வரிசையாக வைத்து, மோட்டாருக்குப் பதில் ஆளுக்கொரு பல்பு மாட்டி, எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் இணைத்தோம். சுவிட்சைப் போட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நான்காவது பெட்டியின் பல்பு எரிந்தது. கொஞ்சம் பொறுத்து முதலாவது. அப்புறம் ஏழாவது. ஒன்று தன் கார்டைச் சோதித்துக்கொண்டே வெகுநேரம் இருந்துவிட்டு எரிந்தது. கடைசிப் பெட்டி எரியவே இல்லை.

“கல்யாண வீட்டு சீரியல் லைட்டு கணக்கால்லா எரியுது” என்றார் இசக்கிமுத்து. “கடைசில உள்ளது மாப்பிள வீட்டுக்காரன். வரவே மாட்டான்.”

அதே மேசையில் புதிய போர்டுகள் ஒன்பதை மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். ஒன்பது பல்பும் ஒரே அடியில் எரிந்தன. அறை வெளிச்சமானது.

மோட்டார் நின்ற நிலையிலிருந்து சுழல ஆரம்பிக்கும் அந்தச் சில நொடிகளில், ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் எடுக்கும். ஒன்பதும் அதே நொடியில் எடுத்தால் ஃபியூஸ் என்ன செய்யும்? பெட்டி வருவதற்கு முன்னால் ஆட்கள் நடந்து போய் மோட்டார் போட்டார்கள். ஒருவர் டீயைக் குடித்துவிட்டு வருவார், ஒருவருக்குச் சாவி கிடைக்காது. பிறகு லினக்ஸ் பெட்டி வந்தது. அதுவும் அவரவர் கார்டின் உடல்நிலைக்கு ஏற்ப முன்னே பின்னே எழுந்தது. ஒன்பதையும் முதன்முதலாக ஒரே நொடியில் எழுப்பியது என்னுடைய ஓ.எஸ்.தான்.

சார் யோசித்தார். “அப்போ பழசயே மாட்டிருவோமாம்மா? அது தானா வரிசையில நிக்கில்லா?”

“அது வரிசையில நிக்கல சார். நொண்டிக்கிட்டு வந்துச்சு. கார்ட நல்லதாப் போட்டா அதுவும் ஒண்ணாத்தான் வரும். அன்னைக்கும் ஃபியூஸ் போவும்.”

4. ஒன்பது சைபர்

தீர்வு சுலபம் என்று நினைத்தேன். போனில் ‘எத்தனை நொடி தாமதம்?’ என்று ஒரு கட்டம் வைத்தேன். ஆளுக்கொரு எண்ணைப் போட்டுக்கொண்டால் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். இசக்கிமுத்து போய் ஒவ்வொருவரிடமும் விளக்கி, சுவிட்சையும் பெட்டியின் பொறுப்புக்குத் திருப்பி வைத்தார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கரண்ட் வந்தது. ‘டப்’.

கேட்வேயைப் பார்த்தேன். ஒன்பது கட்டத்திலும் சைபர்.

இசக்கிமுத்துவின் பைக்கில் மறுபடியும் பத்தமடைக்குப் போனேன். சுடலைமுத்து மறைக்கவில்லை.

“பிந்துனவனுக்குக் கிணத்துல என்னம்மா கெடக்கும்? சேறுதான். பக்கத்துக் கெணத்துக்காரன் மொதல்ல இழுத்துட்டாம்னா எனக்கு ஊத்து எங்கன இருந்து வரும்?”

“நொடிக் கணக்குல என்ன அண்ணாச்சி வித்தியாசம் வந்துரப் போவுது?”

“வித்தியாசம் இல்லல்லா? அப்போ உங்க தெருப் பைப்புல தண்ணி வரும்போது நீங்க கடைசியா கொடத்த வைங்க, பாப்போம்.”

எங்கள் தெருவில் நானும் அப்படிக் குடத்தை வைத்ததில்லை.

தங்கபாண்டி அண்ணாச்சி முதலில் இருபது போட்டிருக்கிறார். சுடலைமுத்து சைபர் போட்டது தெரிந்ததும் அவரும் மாற்றிவிட்டார். “நா மட்டும் இளிச்சவாயனாம்மா?” என்றார்.

திரும்பும் வழியில் இசக்கிமுத்து, “நாமளே ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுக் குடுத்துருவமா மேடம்?” என்று கேட்டார்.

“யாருக்கு ஒண்ணு குடுக்க?”

அவர் பைக்கின் வேகத்தைக் குறைத்தார். “அதச் சொல்லுததுக்கு முந்தி பைக்க ஸ்டார்ட்டுல வச்சிக்கிடணும்” என்றார்.

அன்று மாலை அண்ணாச்சி சாரிடம் போனில் பேசினார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். கோபம் இல்லாமல்தான் பேசினார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“வாழ குலை தள்ளுத நேரம் சார். ஒவ்வொரு தடவ ஃபியூஸு போவும்போதும் அந்த முறைத் தண்ணி போச்சு. அதக்கூட விடுங்க. அவ்வோ எட்டு பேரும் எம் மொகத்துக்காகத்தான் பொட்டிய மாட்டுனாவ. நாளைக்கு ஒரு விசேஷ வீட்டுல அவ்வோ பக்கத்துல உக்காந்து நா சாப்பிடணுமா வேண்டாமா? இன்னும் ஒரே ஒரு தடவ பாருங்க. அதுலயும் போச்சுன்னா ஒம்போதயும் கழத்திக்கிட்டுப் போயிருங்க.”

5. ரேடியோவுக்குத் தெரிந்திருந்தது

ஒன்பது புதிய போர்டுகளும் இன்னும் மேசையிலேயே இருந்தன. சுவிட்சைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தேன். ஒவ்வொரு தடவையும் பல்புகள் ஒரே நொடியில் எரிந்தன. ஒவ்வொரு தடவையும் கேட்வேயின் திரையில் ‘எழுந்துவிட்டேன்’ என்ற செய்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்தன. ஒன்பதும் தவறாமல்.

எத்தனையாவது தடவை என்று நினைவில்லை, அது உறைத்தது. ஒன்பதும் ஒரே நொடியில்தானே எழுந்தன? ஒன்பதும் ஒரே அலைவரிசையில்தானே பேசுகின்றன? ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றுகூட கேட்வேக்குப் புரிந்திருக்கக் கூடாதே. எப்படி வரிசையாக வருகின்றன?

பதில் எனக்குத் தெரிந்ததுதான். ரேடியோ புரோகிராமிலேயே அந்த ஒழுங்கு உண்டு. பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால், ஏதோ ஒரு நேரம் பொறுத்துவிட்டு மறுபடி கேட்கும். யார் முதலில் என்று யாரும் எண் கொடுப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் வரிசை மாறும். ரேடியோ புரோகிராம் தயாராக உண்டா என்று கேட்டு ‘உண்டு’ என்று குறித்திருந்தேன். அதே பழக்கத்தை மோட்டாருக்கும் கற்றுக்கொடுக்கலாம் என்று தோன்றவில்லை.

அன்றே எழுதினேன். கரண்ட் வந்ததும் பெட்டி சீரற்ற ஒரு நேரம் காத்திருக்கும். காத்திருக்கும்போது ரேடியோவைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்துப் பெட்டி ‘நான் மோட்டார் போடுகிறேன்’ என்று சொன்னால், அந்த மோட்டாரின் முதல் இழுப்பு அடங்கும்வரை விட்டுவிட்டு மறுபடி காத்திருக்கும். போடுவதற்கு முன் வோல்ட்டேஜ் நிதானமாக இருக்கிறதா என்றும் பார்க்கும். கேட்பது, அளப்பது, காத்திருப்பது எல்லாம் தனித்தனி வேலைகள். இதையெல்லாம் சிக்கல் இல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட முடிந்தபோது, ஆர்.டி.ஓ.எஸ். எடுத்தது சரிதான் என்று முதல் தடவையாக நிம்மதி வந்தது.

மேசையில் சோதித்தேன். பல்புகள் எரியவில்லை. காத்திருந்தோம். பிறகு ஒன்பதும் ஒன்றாக எரிந்தன.

இசக்கிமுத்து பல்புகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “மேடம், ஒம்போதும் கலந்து பேசிட்டுல்லா எரியுது!”

அவர் கேலியாகச் சொன்னதிலேயே காரணம் இருந்தது. கம்ப்யூட்டருக்குத் தானாகச் சீட்டுக் குலுக்கத் தெரியாது. ஒரு தொடக்க எண்ணை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுத்தான் ‘சீரற்ற’ எண்ணைச் சொல்லும். ஒன்பது பெட்டிக்கும் நான் ஒரே தொடக்க எண்ணைக் கொடுத்திருந்தேன். ஒன்பதும் ஒரே பதிலைச் சொன்னதால் காத்திருப்பை ஒரே நேரத்தில் முடித்தன; ஒன்று சொல்வது மற்றொன்றின் காதில் விழ நேரமே இல்லை. ஒவ்வொரு பெட்டியும் தன் ரேடியோ சிப்பின் தனி எண்ணையும், அந்த நேரத்தில் காதில் விழும் இரைச்சலையும் சேர்த்துத் தொடங்கும்படி மாற்றினேன்.

அடுத்த தடவை சுவிட்சைப் போட்டபோது ஒவ்வொரு பல்பாக எரிந்தது. அணைத்துவிட்டுப் போட்டேன். வேறு வரிசையில் எரிந்தது. சார் தன் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “இன்னொருக்கா போடும்மா” என்றார்.

6. கடைசியாக நின்ற மோட்டார்

புதிய ஃபர்ம்வேரைத் தூரத்திலிருந்தே ஏற்றிவிட்டு, கரண்ட் வரும் நேரத்துக்கு அண்ணாச்சியின் ஷெட்டுக்குப் போனோம். கையால் போடும் சுவிட்சுகள் எல்லாவற்றையும் பெட்டியின் பொறுப்புக்குத் திருப்பி வைத்தாயிற்று.

கரண்ட் வந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. ரிலே சத்தம் வரவில்லை. தள்ளி எங்கேயோ ஒரு மோட்டார் உறுமியது. பிறகு இன்னொன்று. பிறகு பக்கத்திலேயே ஒன்று. அது சுடலைமுத்துவினுடையது. அண்ணாச்சியின் போனில் ஒவ்வொரு செய்தியாக வந்துகொண்டிருந்தது. நான்கு, ஐந்து, எட்டு. அவருடையது மட்டும் இல்லை.

சுடலைமுத்து வந்து வாசலில் நின்றார். பின்னாலேயே இன்னும் மூன்று பேர்.

“எங்க எல்லாருக்கும் தண்ணி வந்துட்டு. ஒமக்கு மட்டும் சங்கா வே?” என்று சிரித்தார். “ஊரக் கூட்டிப் பொட்டி மாட்ட வச்ச மனுசன், நீரே கடைசில நிக்கீரு. அந்தச் சுவிட்சத் தட்டும்.”

அண்ணாச்சி ஒரு கையைச் சுவிட்சின் மேல் வைத்தார். மற்ற எட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் ஒருவர் தட்டுவதால் அன்றைக்கு ஃபியூஸ் போகாது. ஆனால் அவர் தட்டினால் நாளைக்குச் சுடலைமுத்து தட்டுவார். அதற்கடுத்த நாள் ஒன்பது பேரும் தட்டுவார்கள். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

“எம்மா, வருமா?” என்றார் என்னிடம், மெதுவாக.

லேப்டாப்பில் பார்த்தேன். எட்டாவது மோட்டார் எழுந்தபோது வோல்ட்டேஜ் இறங்கியிருந்தது. ஏறிக்கொண்டிருந்தது, ஆனால் மிக மெதுவாக. என் புரோகிராம் அதற்காகத்தான் காத்திருக்கிறது என்று நம்பினேன். வேறு ஏதாவது தவறாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல அப்போது வழி இல்லை.

“வோல்ட்டேஜ் ஏறட்டும்னு பாக்குது அண்ணாச்சி. வரும்னுதான் நெனைக்கேன்.”

“நெனைக்காளாம்!” என்றார் சுடலைமுத்து.

அண்ணாச்சி அவரைத் திரும்பிப் பார்த்தார். சுவிட்சில் இருந்த கையை எடுத்து, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“பைய வரட்டும் வே” என்றார். “நா இங்கனதான நிக்கேன்.”

‘டிக்’. மோட்டார் உறுமியது. எல்லோரும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் திரும்பினார்கள். நானும்தான். ஒரு சத்தமும் இல்லை. தொட்டியில் தண்ணீர் விழ ஆரம்பித்தது.

சுடலைமுத்துவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் மிச்சம் இருந்தது. “அப்போ நாளைக்கும் இவருதான் கடைசியா?”

“தெரியாது அண்ணாச்சி. சீட்டுக் குலுக்குற மாதிரிதான். ஒவ்வொரு தடவையும் மாறும். எனக்கே முன்கூட்டித் தெரியாது.”

“ஒங்களுக்கே தெரியாதா?”

“தெரியாது.”

“அப்படின்னா செரி” என்றார். “ஆளு நம்பர் போட்டாத்தான் சண்ட. சீட்டுல விழுந்தா யாரப் போயி ஏச?”

அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வாங்கவே, டீ குடிப்போம்” என்று எல்லோரையும் கூப்பிட்டார். எட்டுப் பேரில் வந்திருந்த நால்வரும் போனார்கள். நானும் இசக்கிமுத்துவும் பின்னால் போனோம். போனில் தாமதத்துக்கு வைத்திருந்த கட்டத்தை அடுத்த வாரமே எடுத்துவிட்டேன். யாரும் அதைக் கேட்கவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த ஓ.எஸ். நல்லது என்றுதான். என் ஆறு கேள்விகளைக் கொடுக்கிறேன். அவை இன்னும் சரியான கேள்விகள்தான். ஆனால் ஆறும் ஒரே ஒரு பெட்டியைப் பற்றியவை. ஆகவே ஏழாவதாக ஒரு வேலையும் கொடுக்கிறேன். களத்தில் ஒரே கரண்டை, ஒரே அலைவரிசையை, ஒரே ஊற்றைப் பங்கிட்டுக்கொள்ளப் போகும் கருவிகள் எத்தனையோ, அத்தனையையும் மேசையில் வைத்து ஒரே சுவிட்சில் மாட்டு. சுவிட்சைப் போடு. எது முதலில் எழுகிறது, மற்றவை அதற்காக என்ன செய்கின்றன என்று பார். அதைப் பார்த்த பிறகு ஓ.எஸ்.ஸைப் பற்றிப் பேசுவோம்.